சிப்பித் துப்பாக்கியும் இரண்டு சாவியும்

1 டிசம்பர் 2013, ஞாயிறு

வூலே,

இன்று மாதத்தின் முதல் ஞாயிறு. துப்பாக்கிகளுக்கு எண்ணெய் போடும் நாள். உன் எண்ணெய் நோட்டை எடுத்தேன். நவம்பர் மூன்றாம் தேதிக்கு எதிரே நீ எழுதியிருக்கிறாய்: "நீளம், வெள்ளி ஜோடி, சுழல் – துடைத்தாயிற்று. கை நடுங்குகிறது." அதுதான் கடைசி. ஆறு நாளில் போய்விட்டாய்.

நோட்டில் பாதிக்கு மேல் காலிப் பக்கம். வீணாக விட மனசு வரவில்லை. நாலு வகுப்பு படித்தவள் எழுத்து கோணலாகத்தான் வரும். சிரித்தால் சிரி.

எண்ணெய் போடவில்லை. ஆயுதத்தில் பெண் கை படக்கூடாது. முப்பத்தெட்டு வருஷமாக நான் ஆயுத அலமாரியின் கண்ணாடியை மட்டும்தான் துடைத்திருக்கிறேன். இப்போது கண்ணாடிக்குப் பின்னால் கறுப்புத் துணி. துக்க வருஷம் முடியும்வரை அது அங்கேதான். துடைத்தால் என் முகம்தான் தெரிகிறது.

8 டிசம்பர்

உன் அடக்கத்தன்று நடந்ததை உன்னிடம் சொல்லவே இல்லை. உன்னிடம் சொல்லாமல் எதுதான் எனக்கு நடந்த மாதிரி இருக்கிறது?

நம் பெண் சென்கா சாவு அறிவிப்பைப் பேப்பரில் போட்டாள். கடை வாசலிலும் மின்கம்பத்திலும் ஒட்டினார்கள். துக்கம் கேட்கப் பதினொரு மணியிலிருந்து வரலாம், மூன்று மணிக்கு அடக்கம் என்று. பக்கத்து வீட்டுத் தோமானா அதைப் படித்துவிட்டுச் சொன்னாள்: "திருடனுக்கு இதைவிட என்னடி வேணும்? எந்த வீடு எத்தனை மணிக்குக் காலின்னு நாமளே அச்சடிச்சுக் குடுக்கறோம்." கீழூரில் போன வருஷம் அப்படித்தான் நடந்தது. பெட்டி குழிக்குள் இறங்குகிற நேரத்தில் சுவரிலிருந்த வாள் போயிற்று.

அதனால் என் தம்பி மியாத்தை வீட்டுக் காவலுக்கு இருத்தினேன். கணவாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து முதல் நாளே வந்துவிட்டான். "நீ போக்கா. ஒரு ஈ உள்ள வராது" என்றான். கறுப்புத் துணியை அலமாரிக்குள், கண்ணாடிக்குப் பின்னால் கட்ட வேண்டும் என்று யாருக்குமே ஞாபகம் இல்லை. அவன்தான் ஞாபகப்படுத்தினான். உன் கழுத்திலிருந்து கழற்றி என் கழுத்தில் போட்டிருந்த சாவியைக் கொடுத்துவிட்டு உன் பின்னால் நடந்தேன்.

திரும்பி வந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சூப் சூடாக இருந்தது. துணி ஒரு சுருக்கம் இல்லாமல் தொங்கியது. சாவியை என் கையில் வைத்தான். கை சில்லென்று இருந்தது. அன்றைக்கு ஒழுங்காக நடந்தது அது ஒன்றுதான்.

15 டிசம்பர்

உன் தம்பி பெரிஷா விறகு கொண்டுவந்தான். தானே அடுக்கினான். பிறகு தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே நின்றான். அப்படி நின்றால் ஏதோ கேட்கப் போகிறான் என்று அர்த்தம்.

"அண்ணி, ஆஸ்பத்திரிக்குப் போறப்ப அண்ணன் ரெண்டாவது சாவியை என்கிட்ட குடுத்துட்டுப் போனாரு. அது என்கிட்டயே இருக்கட்டுமா?"

"இருக்கட்டும்."

"அந்த நீளம் இருக்கு பாருங்க, சிப்பி பதிச்சது. அது என் பையனுக்கு வரணும். கோவிச்சுக்காதீங்க. சென்கா பொண்ணு. நாளைக்கு அவ வேற வீட்டுக்குப் போவா. எங்க பாட்டன் துப்பாக்கி வேற வம்சத்துச் சுவத்துல தொங்கினா ஊரு சிரிக்கும்."

"குழி மண்ணு இன்னும் இறங்கலை பெரிஷா. வருஷம் முடியட்டும்" என்றேன்.

"அதுக்கென்ன. ஒரு வார்த்தைக்குச் சொன்னேன்" என்றான். காபியைக் குடிக்காமலே போனான்.

அவனுக்கு அந்தத் துப்பாக்கிமேல் கண். எனக்குத் தெரியும்.

6 ஜனவரி 2014

நம் பழைய காலண்டர்படி கிறிஸ்துமஸுக்கு முதல் நாள். எல்லா வீட்டிலும் ஓக்குக் கட்டையை அடுப்பில் வைத்து வானத்தைப் பார்த்துத் துப்பாக்கியால் சுட்டார்கள். நம் வீட்டில் சத்தம் இல்லை.

22 பிப்ரவரி

பனியில் ஒரு கார் மேலே ஏறி வந்தது. கடற்கரைப் பக்கத்து ஆள், நல்ல கோட்டு. உன் சிநேகிதனாம். ஆயுதங்களைப் பற்றிப் புத்தகம் போடுகிறானாம். உள்ளே விட்டேன், காபி கொடுத்தேன், பன்றித் தொடை நறுக்கி வைத்தேன். வந்தவனை வாசலில் நிறுத்த முடியுமா?

"அந்தச் சிப்பித் துப்பாக்கியை ஒரே ஒரு தடவை பாக்கலாமா அம்மா? மொண்டெனேக்ரோ முழுக்கத் தேடினாலும் அப்படி இன்னொண்ணு இல்லைன்னு வூக்காஷின் சொல்லுவாரு."

உன்னை வூக்காஷின் என்று முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட சிநேகிதன் யார்? வரி கட்டச் சொல்லும் ஆள்தான் அப்படிக் கூப்பிடுவான்.

"துக்க வருஷம். துணி விலகாது" என்றேன்.

"ஓரத்தை மட்டும் தூக்கினா போதும். ஒரு படம்."

நோட்டில் நீ எழுதியது ஞாபகம் வந்தது. ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் வைக்காதே. ஆணியில் மாட்டாதே, கம்பளி சுற்றிய மர முளையில் வை. அலமாரியைப் பின்பக்கமாகக் கல் சுவரோடு முடுக்கு. தீக்கல்லைக் கடித்துப் பிடிக்கும் சின்னச் சுத்தியலைக் கழற்றி வேறு இடத்தில் வை, சுத்தியல் இல்லாத துப்பாக்கி பாதி விலைகூடப் போகாது. படம் எடுக்க யாரையும் விடாதே, படம் திருடனுக்கு வழிகாட்டும்.

"என் புருஷன் எழுந்து வந்து திறந்தா பாருங்க" என்றேன். தொடை இறைச்சியை முழுக்கத் தின்றுவிட்டுத்தான் போனான்.

உனக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்தேன். நான் நன்றாகக் காவல் காக்கிறேன், வூலே.

2 மார்ச்

முதல் ஞாயிறு. துரு பிடிக்குமோ?

10 மே, சனி

நீ போய் ஆறு மாதம். பாதிரியார் வந்தார், வேகவைத்த கோதுமைமேல் மெழுகுவத்தி ஏற்றினோம், கல்லறைக்குப் போய்வந்தோம். முன்னறை நிறைய ஆண்கள். பாதி வருஷம் ஆனதால் ஒருமுறை துணியை விலக்கி எண்ணெய் போடலாம், பிறகு மூடிவிடலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். உன் தம்பிதான் போட வேண்டும். என் சாவியைக் கொடுத்தேன்.

பூட்டைத் திறந்தான். துணியைத் தூக்கினான்.

வெள்ளி ஜோடி இருந்தது. சுழல் துப்பாக்கி இருந்தது. நீளம் இருந்த இடத்தில் மூன்று முளை மட்டும்.

பூட்டில் ஒரு கீறல் இல்லை, கண்ணாடியில் ஒரு விரிசல் இல்லை. ஆறு மாதமாக நான் துடைத்தது வெறும் துணியை. தினமும் காலையில் நீ எழுந்ததும் அந்தச் சுவரைத்தான் பார்ப்பாய். அப்போது எவன் எடுத்திருக்க முடியும்? உனக்காகக் கட்டிய துக்கத் துணிதான் அதைத் தின்றது.

அப்புறம் நான் பேசினேன். எல்லோர் முன்னாலும்.

"ரெண்டு சாவிதான். ஒண்ணு என் கழுத்துல. இன்னொண்ணு உன் கையில. மிச்சத்தை நீயே சொல்லு பெரிஷா."

அவன் முகம் மாவு மாதிரி ஆயிற்று. "அண்ணி. அந்த வார்த்தையை எடுத்துடுங்க."

"எடுக்க மாட்டேன். கேட்டவன் நீதானே? குழி காயறதுக்குள்ள கேட்டவன் நீதானே?"

தன்னிடமிருந்த சாவியைக் கோதுமைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். மகனைத் தோளில் தொட்டு வெளியே கூட்டிப்போனான். மியாத் அடுப்பருகில் நின்று காபிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். துக்க வீட்டில் சண்டையில் தலையிட வேண்டாம் என்று இருந்தான் போல.

14 மே

நிக்‌ஷிச்சிலிருந்து ஒரு போலீஸ்காரர் வந்தார். பூட்டைப் பார்த்தார். "உடைக்கலையே. அப்ப வீட்டு ஆளு வேலைதான். நீங்களே பேசித் தீத்துக்கறதுதான் நல்லது" என்றார். செத்தவர் பேரிலேயே ஆயுதங்கள் இருக்கின்றன, இன்னும் ஏன் யார் பேருக்கும் மாற்றவில்லை என்று என்னைத்தான் திட்டினார்.

1 ஜூன்

சென்கா போத்கோரித்சாவிலிருந்து போன் பண்ணினாள். "சித்தப்பா அப்படிச் செய்வாரா அம்மா? என்னைத் தோள்ல தூக்கிட்டுப் பள்ளிக்கூடம் போன ஆளு."

"தோள்ல தூக்கினவன் துப்பாக்கியைத் தூக்க மாட்டானா?" என்றேன். போனை வைத்துவிட்டாள்.

19 ஜூன்

ஊரில் பெரிஷா உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி காலியாகிறதாம். தோமானா சொன்னாள். "அண்ணன் பொணத்துமேல ஏறி எடுத்தான்னு பேசறாங்க. அவன் பையனுக்குப் பாத்துவச்ச பொண்ணு வீட்டுல 'அப்புறம் பாக்கலாம்'னுட்டாங்களாம்."

எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

28 ஜூன்

பெரிஷா ஆள் அனுப்பினான். பேதுரு திருநாளன்று கோயிலில் சத்தியம் செய்கிறானாம், பழைய முறைப்படி. ஆறு ஆண்கள் அவனோடு சேர்ந்து சத்தியம் செய்ய வேண்டும். மூன்று பேரை அவன் தேர்ந்தெடுப்பான், மூன்று பேரை நான். ஆறு பேரும் புனிதர் படத்தின்மேல் கை வைத்தால் அவன் சுத்தம். ஒருவன் பின்வாங்கினாலும் அவன் திருடன்.

பாதிரியாருக்கு இஷ்டம் இல்லை. "எந்தக் காலத்துல இருக்கீங்க? என் தாத்தாவோட போச்சு இதெல்லாம்" என்றார். ஆனால் கதவைத் திறந்துவிடச் சம்மதித்தார்.

என் மூன்று பேரில் முதலாவதாக மியாத் பேரைச் சொன்னேன். பெரிஷாவைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. நம் கல்யாணத்தில் உட்காரும் இடத்துக்காக வந்த சண்டை. முப்பத்தெட்டு வருஷமாக பெரிஷா கையால் ஒரு காபி குடித்ததில்லை. ஒருவன் பின்வாங்குவான் என்றால் அது என் தம்பிதான்.

12 ஜூலை, சனி

வூலே, நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வரிசை தப்பினால் எனக்கே புரியாமல் போகும்.

பெரிஷா கோயிலில் புனிதர் படத்தின் முன்னால் நின்றான். வெள்ளைச் சட்டை. இரண்டு மாதத்தில் பத்துக் கிலோ இளைத்திருக்கிறான். "அண்ணன் துப்பாக்கியை நான் எடுக்கலை, எடுக்கச் சொல்லலை, எங்க இருக்குன்னு தெரியாது. பொய்யின்னா என் வீட்டு அடுப்பு அணையட்டும், என் பேர் சொல்ல ஆள் இல்லாமப் போகட்டும்" என்றான். குரல் உடையவில்லை.

அப்புறம் ஆறு பேர். அவனுடைய ஆட்கள் மூவர். அவர்கள்கூடச் சுலபமாகக் கை வைக்கவில்லை. அவன் மாமனார் பெரிஷாவின் தாடையைப் பிடித்துத் தூக்கிக் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார், எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்புறம்தான் வைத்தார். ஒருவன் தண்ணீர் கேட்டான். ஒருவன் மூன்று தடவை சிலுவை போட்டான். தோமானாவின் புருஷன் என் ஆள். வெளியே போய் ஒரு சிகரெட்டு பிடித்துவிட்டு வந்தார். "எனக்கும் பேரப்புள்ளைங்க இருக்கு" என்றார். அப்புறம்தான் கையை வைத்தார். சொந்தப் பிள்ளைகளின் தலையைப் பணயம் வைக்கிற காரியம். இன்னொருவன் மனசுக்குள் இருப்பது யாருக்குத் தெரியும்?

மியாத் ஒன்றும் கேட்கவில்லை. பெரிஷா கண்ணைப் பார்க்கவில்லை. அவன் முறை வருவதற்கு முன்னாலேயே முன்னே வந்து கையை வைத்தான். "பெரிஷா எடுக்கலை. என் ரெண்டு பசங்க தலைமேல சத்தியம்." கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி தடங்கல் இல்லாமல். கையை எடுத்ததும் மூச்சு விட்டான், சுமை இறக்கினவன் மாதிரி.

எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். "உன் தம்பி பெரிய மனுஷன், ஸ்தோயா. பகையைப் பாக்கலை" என்றார் பாதிரியார்.

முறைப்படி நான் பெரிஷாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் என் நெற்றியில் முத்தம் கொடுத்தான். உதடு காய்ந்திருந்தது.

13 ஜூலை

அவனுக்கு எப்படித் தெரியும்?

மாமனாருக்கே தெரியவில்லை. தண்ணீர் குடித்தவனுக்குத் தெரியவில்லை. மியாத்துக்கு எப்படித் தெரியும்?

14 ஜூலை

துணியைக் கட்ட ஞாபகப்படுத்தியது அவன்.

கடவுளே, சாவியை நான்தானே கொடுத்தேன். என் கையால. நான்தானே.

9 ஆகஸ்ட்

பஸ் பிடித்துக் கணவாய்க்கு அந்தப் பக்கம் போனேன். மியாத் வைக்கோல் வெட்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி போய் நாலு வருஷம், பையன்கள் இருவரும் ஆஸ்திரியாவில். என்னைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே வைத்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. முன்னால் நடந்தான், பின்னறையைத் திறந்துவிட்டான்.

எங்கள் அப்பா படுத்த அறை. அந்தச் சுவரில் ஐந்து ஆணி உண்டு. உலக யுத்தம் முடிந்த பிறகு புது அரசாங்கம் அப்பாவை உள்ளே தூக்கிப்போட்டு ஆயுதங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிற்று. ஆணிகள் மட்டும் நின்றன. நானும் அம்மாவும் அவற்றில் வெங்காயச் சரம் மாட்டுவோம்.

அந்த ஆணியில் உன் நீளம் தொங்கியது, வூலே. கம்பளி இல்லாமல், இரும்பில். ஜன்னலுக்குப் பலகை அடித்திருந்தான். எதிரே ஒரே ஒரு நாற்காலி.

"யாருக்குடா காட்டறே இதை?"

"யாருக்கும் இல்ல."

"அப்புறம் எதுக்கு?"

"அஞ்சு ஆணிக்கா. பொறந்ததுலேர்ந்து அதைத்தான் பாத்துட்டுப் படுத்தேன். வர்றவன் போறவன் எல்லாம் அந்த வெறும் ஆணியைப் பாப்பான், என்னைப் பாப்பான், ஒண்ணும் சொல்ல மாட்டான். உனக்கு அது வெங்காயம் மாட்டற எடம்."

"அதுக்கு என் வீட்டுல திருடுவியா?"

"உன் வீடா? ஆம்பளை இல்லாத வீடு. அணைஞ்ச வீடு. பெரிஷா எப்படியும் தூக்கிட்டுப் போயிருப்பான். அவன் சுவத்துல தொங்கறதுக்கு, நம்ம அப்பா சுவத்துல தொங்கட்டுமே."

"அணைஞ்ச வீடா? தினமும் காலையில அடுப்பை மூட்டறது பேயா?"

தலையைக் குனிந்துகொண்டான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்: "கோயில்ல அந்த ஒண்ணாவது உண்மையாச் சொல்லலாம்னுதான்க்கா. அவன் எடுக்கலைங்கறது எனக்குத்தானே தெரியும்."

பசுமோர் ஊற்றிக் கொடுத்தான். குடித்தேன். தம்பி கொடுத்ததை எப்படிக் கீழே வைப்பது?

திருடன் எந்த வழியாக வருவான் என்று பக்கம் பக்கமாக எழுதிவைத்தாய். கூடப் பிறந்தவனைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எழுதியிருந்தால் நான் உன்னோடு சண்டை போட்டிருப்பேன்.

17 ஆகஸ்ட்

மியாத் நீளத்தை வைக்கோல் வண்டியில், தார்ப்பாயில் சுற்றிக் கொண்டுவந்தான். என் கட்டிலுக்குக் கீழே வைத்தான். "பரண்ல இருந்துச்சுன்னு சொல்லிடுக்கா. அத்தான் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி பயந்து எடுத்து வச்சிருக்காருன்னு. எல்லாரும் நம்புவாங்க. செத்தவர்தானே, என்ன ஆகப்போகுது?"

நம்புவார்கள். அதுதான் கஷ்டம்.

20 ஆகஸ்ட்

குழல் முழுக்கத் துரு. ஈரச் சுவர். பொறுக்க முடியவில்லை. உன் எண்ணெய்ப் புட்டி, உன் பருத்தித் துணி. துடைத்தேன். சிப்பித் துண்டு ஒன்று விழுந்திருக்கிறது.

என் கை பட்டது. ஒன்றும் ஆகவில்லை.

7 செப்டம்பர்

முதல் ஞாயிறு. நீளம் – துடைத்தாயிற்று. கட்டிலுக்கு அடியில்.

இருபது வருஷம் நீ யோசித்து யோசித்துச் செய்த காவலைவிட இதுதான் பெரிய காவல். கிழவி கட்டிலுக்கு அடியில் எவன் தேடுவான்? ஆனால் யாரும் பார்க்க முடியாமல் வைத்துக்கொண்டு நான் என்ன செய்கிறேன்? மியாத் செய்ததுதான்.

2 அக்டோபர்

தோமானாவோடு உருளைக்கிழங்கு தோண்டினோம். "சத்தியம் பண்ணிட்டான், சரி. அப்ப துப்பாக்கி எங்கடி? காத்துல கரைஞ்சுதா? சத்தியம்கறது வாய்க்காத்து" என்றாள். "அவரு கை வச்சாரேன்னு எனக்கு இன்னும் பயம் போகலை. பேரனுக்குக் காய்ச்சல் வந்தாக்கூட அதுதான் ஞாபகம் வருது."

நான் கிழங்கைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

19 அக்டோபர்

காலையில் எழுந்து பார்த்தால் கொட்டகையில் விறகு அடுக்கியிருக்கிறது. குளிர்காலம் முழுக்கப் போதும். பெரிஷா வண்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. கூப்பிட்டேன். கையை மட்டும் தூக்கினான், இறங்கவில்லை. அந்தப் பெண் வீடு கடைசியில் இல்லை என்றே சொல்லிவிட்டதாம்.

அவன் உள்ளே வராமல் விறகு போடுகிறான். மியாத் உள்ளே உட்கார்ந்து மோர் கொடுக்கிறான். நீயாக இருந்தால் என்ன செய்வாய், வூலே? நீ பேசாமல் இருப்பாய். உனக்கு அது சுலபமாக வரும்.

7 நவம்பர்

நாளைக்குச் சனிக்கிழமை, உன் வருஷ நினைவு. துணியை எடுக்க வேண்டும். மியாத் போன் பண்ணினான். "பரண்தானே அக்கா?" என்றான்.

"வா" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் சொன்னதை அவன் 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டான். எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். அதுவும் ஒரு திருட்டு.

8 நவம்பர், சனி

காலையிலேயே நீளத்தை முளையில் வைத்தேன். துணியை மறுபடி கட்டினேன்.

கல்லறையிலிருந்து திரும்பி எல்லோரும் முன்னறையில் நின்றார்கள். பெரிஷா வரமாட்டேன் என்றான், சென்கா போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். மியாத் கறுப்புக் கோட்டில் ஜன்னலருகே. பெரிஷாதான் துணியை எடுத்தான். எடுத்துவிட்டு அப்படியே நின்றான்.

"அண்ணி. இது எங்கேருந்து வந்துச்சு?"

பரண் என்ற சொல் என் நாக்கில் இருந்தது. மியாத் என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினான், சின்ன வயதில் அம்மாவிடம் மாட்டிக்கொண்டால் ஆட்டுவானே, அது மாதிரி. தோமானாவின் புருஷன் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க அப்பா வீட்டு ஆணியிலேருந்து" என்றேன். "மியாத் எடுத்தான். அடக்கத்தன்னிக்கு. சாவியைக் குடுத்தது நான்."

மியாத் காபிக் கிண்ணத்தை ஜன்னல் விளிம்பில் வைத்தான். தொப்பியைப் போட்டான். நான்கு பேரைத் தாண்டித்தான் கதவுக்குப் போக வேண்டும். நான்கு பேரும் வழிவிட்டார்கள், அவன் கோட்டு தங்கள்மேல் படாத அளவுக்கு. வாசலில் திரும்பி, "எனக்கு அக்கா கிடையாது" என்றான். கத்தவில்லை.

பெரிஷா சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். அவன் துணியை மடித்துக்கொண்டே இருந்தான், நாலாக, எட்டாக. "ஏன் அண்ணி இப்படிச் செஞ்சீங்க? நான் கெட்ட பேரோட பழகிட்டேன். நீங்க இதோட எப்படி இருப்பீங்க?" என்றான். இரண்டாவது சாவியைக் கொடுத்தேன். வேண்டாம் என்றுவிட்டான். துப்பாக்கியையும் கேட்கவில்லை. "சுவத்துலயே இருக்கட்டும். பாக்கணும்னா வந்து பாத்துக்கறேன்." சாவியைச் சென்கா கழுத்தில் போட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

23 நவம்பர்

பனி. மியாத்துக்குப் போன் பண்ணினேன். அடித்துக்கொண்டே இருந்தது.

30 நவம்பர்

மறுபடி பண்ணினேன். நம்பரையே மாற்றிவிட்டான்.

5 டிசம்பர், வெள்ளி

நிக்‌ஷிச்சுக்குப் போனேன், ஆயுதங்களை என் பேருக்கு மாற்ற. கூண்டுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண். "பேரு?" என்றாள். ஸ்தோயா என்றேன். "இல்லம்மா, ஆயுதத்துக்குச் சொந்தக்காரர் பேரு." அதுதான் என்றேன். நிமிர்ந்து பார்த்தாள். எழுதினாள்.

எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். உன் நோட்டில் இருப்பதையெல்லாம் ஒப்பித்தேன். கண்ணாடி அலமாரி, சுவரோடு முடுக்கியது, ரோட்டிலிருந்து தெரியாது, சுத்தியல் தனியாக. "நீங்க நல்லாக் காவல் வச்சிருக்கீங்கம்மா" என்றாள்.

"சாவி எத்தனை?"

"ரெண்டு. எனக்கு ஒண்ணு, என் பொண்ணுக்கு ஒண்ணு."

"வேற யார் கைக்கும் போகாதே? உறுதியாச் சொல்லுங்க, எழுதணும்."

வாய்ப் பழக்கம், வூலே. என் அம்மா, அவள் அம்மா, இந்த மலையில் எந்தப் பெண்ணும் கடவுள்மேல் ஆணையிட மாட்டாள். கூடப் பிறந்தவன்மேல்தான். "என் தம்பி மேல" என்று ஆரம்பித்துவிட்டேன். அதற்குமேல் வரவில்லை. அந்தப் பெண் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். பின்னால் வரிசை நின்றது. போகாது என்று மட்டும் சொன்னேன், எதன்மேலும் ஆணை வைக்காமல். அதையே எழுதிக்கொண்டாள்.

பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். அப்பா இல்லை, நீ இல்லை, பெண்ணின்மேல் ஆணை வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. நாளைக்கு யாராவது என்னிடம் உண்மையா என்று கேட்டால், நான் யார்மேல் சத்தியம் செய்வது, வூலே?